ஏழு நொடிக் கைதட்டல்

டிவிக்குள் அரை டன் இரும்புக் குண்டு ஒன்று மேலிருந்து இறங்கி, ஸ்டிக்கர்கூடப் பிரிக்காத புத்தம் புது வாஷிங் மெஷினைத் தகடாக்கியது. சத்தம் வரவில்லை. கண்ணாடிக்காரர் தன் அலுவலக டிவியை எப்போதும் ஊமையாக்கித்தான் வைத்திருப்பார்.

ஊரே பார்க்கிற நிகழ்ச்சி அது. 'அள்ளு இல்லேன்னா உடை' என்று பெயர். கேள்விக்குச் சரியான பதில் சொன்னால் பொருள் உங்களுக்கு. தப்பாகச் சொன்னால் குண்டு விழும், பொருள் யாருக்கும் இல்லை. தப்பாகச் சொன்னவனை வீட்டுக்கு அனுப்பினால் போதாதா? அந்த மெஷின் பாவம், அதுவா தப்பான பதில் சொன்னது? இதையெல்லாம் யார் கேட்கிறார்கள். குண்டு விழ விழ ஜனங்கள் கைதட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

"இப்ப வருவார், பாருங்க" என்றாள் எதிரில் இருந்த பெண். டிவியின் முதுகில் தன் பென் டிரைவைச் செருகியவளும் அவள்தான்.

வந்தார். மூன்றாவது வரிசை, ஓரத்திலிருந்து இரண்டாவது நாற்காலி. அறுபத்தைந்து வயது இருக்கும். எல்லோருக்கும் கொடுத்த அதே பச்சை டீ-ஷர்ட். இரண்டு கைகளையும் மார்புக்கு நேராக வைத்து நிதானமாக, சொல்லிக் கொடுத்த மாதிரி கைதட்டினார். ஏழு நொடி. அதற்குள் படம் மாறிவிட்டது.

"அதான் என் அப்பா" என்றாள். "அவரைக் காணோம்."

கண்ணாடிக்காரர் தன் தடித்த கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். துப்பறியும் தொழிலில் இருபது வருஷம். மனைவி போன பிறகு வீட்டைக் காலி செய்துவிட்டு இந்த அலுவலகத்தின் பின்னறையிலேயே குடியிருக்கிறார். ஊமை டிவி ஓடினால் அறையில் யாரோ இருக்கிற மாதிரி இருக்கும். அதற்காகத்தான் அதை அணைப்பதில்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"காணோம்னா எத்தனை நாளா?"

"அதான் சார் சொல்லத் தெரியல. வாராவாரம் டிவியில வர்றார். நேர்ல மட்டும் காணோம்."

அந்தப் பெண் கடல் தாண்டி ஒரு மருத்துவமனையில் ரத்தம் பரிசோதிக்கிற வேலையில் இருக்கிறாள். போய் மூன்று வருஷம். அம்மா முன்பே தவறிவிட்டார். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் பத்து நாள் லீவில் வந்து கதவைத் தட்டினால், வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். அப்பா காலி பண்ணி ஏழு மாதம் ஆகிறதாம். வீட்டுக்காரரைக் கேட்டால், "யாரோ சொந்தக்காரங்க வந்து சாமானை எடுத்துட்டுப் போனாங்க" என்றாராம்.

"எங்களுக்குச் சொந்தம்னு யாருமே இல்ல சார்."

"போன் பண்ணிப் பார்த்தீங்களா?"

"ஏழு மாசமா எடுக்கறதில்ல. காது சரியா கேக்கல, எழுதுன்னு மெசேஜ் வரும். வந்திருக்கேன்னு போட்டேன். வெளியூர்ல ஷூட்டிங், அடுத்த தடவை பாக்கலாம்னு பதில் வந்துச்சு." அவள் டிவியைப் பார்த்தாள். "போலீஸ்லயும் போய்ச் சொன்னேன். டிவியில வர்ற ஆளைக் காணோம்னு எப்படிம்மா எழுதறதுன்னு கேட்டாங்க."

ஜன்னல் ஓரத்திலிருந்து ஒரு இருமல் கேட்டது. சிரிப்பை அடக்குகிற இருமல். அது ரேடியோ.

ரேடியோ என்பது கண்ணாடிக்காரரின் உதவியாளுக்கு ஊர் வைத்த பெயர். நாற்பத்திரண்டு வயது. முன்பு கூரியர் கம்பெனியில் வீடு வீடாகப் பார்சல் கொடுத்தவள், அதனால் எந்தக் கதவையும் திறக்க வைக்கத் தெரியும். வீட்டில் மொத்தம் எட்டு பேர். அங்கே பேச முறை வராததால் இங்கே வந்து பேசித் தீர்க்கிறாள் என்பது கண்ணாடிக்காரரின் கணிப்பு.

"உங்கப்பா போட்டோ ஒண்ணு குடுங்க" என்றார் கண்ணாடிக்காரர்.

"டிவியிலதான் வர்றாரே" என்ற அந்தப் பெண், போட்டோவுக்குப் பதில் ஒரு காகிதக் கட்டை எடுத்து வைத்தாள். மூன்று வருஷமாக அப்பாவும் அவளும் அனுப்பிக்கொண்ட மெசேஜ் எல்லாவற்றையும் அச்சடித்து வைத்திருந்தாள். "நாளைக்குச் சாயந்திரம் எனக்கு ஃப்ளைட். அதுக்குள்ள இந்த மெசேஜ் போடறவரை நான் நேர்ல பாத்துடணும் சார். பாக்காம போனா, அங்க போய் என்னால உக்கார முடியாது."

பையை எடுத்துக்கொண்டு, தங்கியிருக்கிற லாட்ஜின் பெயரை எழுதி வைத்துவிட்டுப் போனாள். பென் டிரைவை விட்டுவிட்டுப் போனாள். முப்பது ஞாயிற்றுக்கிழமை அதில் இருந்தது. அப்பா வருகிற இடத்தை மட்டும் வெட்டி வரிசையாகச் சேர்த்து வைத்திருந்தாள்.

கண்ணாடிக்காரர் காகிதக் கட்டைப் படிக்க ஆரம்பித்தார். ரேடியோ ரிமோட்டை வைத்துக்கொண்டு கால் மேல் கால் போட்டுக்கொண்டாள்.

"அண்ணா, பின்னாடி வரிசையில உக்காந்திருக்கே ஒரு அம்மா, அதுக்கு வீட்ல தூக்கமே கிடையாது போல. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கொட்டாவி விடுது."

"ம்."

"அதுவும் எப்படி? வாயை மூட கையைத் தூக்கும். முழங்கை போய் பக்கத்துல இருக்கற ஆளை இடிக்கும். அவர் திரும்பி முறைப்பார். பாவம் மனுஷன், வாராவாரம் காசு குடுக்காம இடி வாங்கறார்."

கண்ணாடிக்காரர் காகிதத்தைக் கீழே வைத்தார். ரேடியோவின் நகைச்சுவைக்கு அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் ஒரு வார்த்தை விடாமல் கேட்பார். இவர்கள் தொழில் ஓடுவதே அப்படித்தான்.

"திருப்பிப் போடு. போன வாரம். அதுக்கு முந்தின வாரம்."

போட்டாள். அதே கொட்டாவி. அதே முழங்கை. அதே முறைப்பு. கைதட்டலும் அதே ஏழு நொடி. ஒரு வாரம் எல்லோர் மேலும் பச்சை டீ-ஷர்ட், ஒரு வாரம் மஞ்சள், ஒரு வாரம் நீலம். மற்றபடி இம்மிகூட மாறவில்லை. முப்பது வாரமும் ஒரே கைதட்டல்.

"அடப்பாவிகளா" என்றாள் ரேடியோ. "பழைய படத்தையே போட்டு ஓட்டறானுங்க. சோம்பேறிப் பசங்க. அப்ப இவர் ஏழு மாசமா அங்க போகவே இல்லையா?"

கண்ணாடிக்காரர் காகிதக் கட்டில் ஒரு பக்கத்தை மடித்து அவள் பக்கம் நகர்த்தினார். ஏழு மாதத்துக்கு முன்பு வரை அப்பா எழுதியதெல்லாம் ஒற்றை வார்த்தை. 'சரி.' 'ஆச்சு.' 'கிடைத்தது.' தந்திக்குக் காசு கட்டுகிறவர் மாதிரி எழுதியிருந்தார். அதற்குப் பிறகு நான்கு வரி, ஐந்து வரி. 'அங்கே பனி என்று செய்தியில் சொன்னார்கள், காதை மூடிக்கொண்டு போ.' 'உன் குரல் கேட்காவிட்டால் என்ன, எழுத்தைப் பார்த்தால் போதும் கண்ணு.'

"வயசாக வயசாக பாசம் வந்திருக்கும்ணா" என்றாள் ரேடியோ. சொல்லிவிட்டு அவளே இல்லை என்று தலையாட்டினாள். "எங்க வீட்டு மனுஷனுக்கு இருபத்தி ரெண்டு வருஷமா வரல."

இருவரும் கிளம்பினார்கள்.

*

ஸ்டூடியோ வாசலில் ரேடியோ கூசாமல் ஒரு பொய் சொன்னாள். பத்திரிகையிலிருந்து வருகிறோம், உங்கள் நிகழ்ச்சியின் பிரம்மாண்டத்தைப் பற்றி எழுதப் போகிறோம் என்று. ஃப்ளோர் மேனேஜர் உச்சி குளிர்ந்து போனார். கழுத்தில் விசில் தொங்க, கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர் மாதிரி ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போனார்.

மேடையில் நானூறு கேக் கோபுரமாக அடுக்கியிருந்தது. நாளைக்குப் போட்டிக்காரர்கள் அதன் உச்சியிலிருந்து சறுக்கி விழவேண்டுமாம். பக்கத்தில் ஒரு நீச்சல் குளம் நிறையப் பால். அதற்குள் ஒரு சாவியைப் போட்டுத் தேட வைப்பார்களாம்.

"தேடி முடிச்சதும் பாலை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

"திறந்து விட்டுடுவோம். வேற என்ன பண்றது?"

"கேக்கை?"

"லாரியில போயிடும் சார். ஒருத்தரும் தொடக்கூடாது. போன மாசம் ஒரு தச்சன் ரெண்டு கேக்கைத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போனான். வேலையை விட்டே எடுத்துட்டோம். கொஞ்சம் இளகினா அப்புறம் எல்லாரும் மூட்டை கட்ட ஆரம்பிச்சுடுவாங்க."

ரேடியோ வாயைத் திறந்தாள். கண்ணாடிக்காரர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

"சோபா, திரை, தரை விரிப்பு, எல்லாம் வாராவாரம் புதுசு" என்று மேனேஜர் பெருமை அடித்துக்கொண்டார். "பார்வையாளருக்குப் போடற டீ-ஷர்ட்கூட வாரம் ஒரு கலர். முடிஞ்சதும் கழட்டி வாங்கி எரிச்சிடுவோம். ரெண்டாவது தடவைங்கற பேச்சே எங்ககிட்ட கிடையாது."

"கைதட்டல்?"

"அதுவும்தான் சார். ஜனங்களை எடுக்கறதுக்குன்னே எட்டு கேமரா. ஒன்பது மணி நேரம் எடுப்போம். அதுல நிகழ்ச்சிக்குப் போறது ஒரு நிமிஷம். மிச்சம் அத்தனையும் திங்கக்கிழமை அழிச்சிடுவோம்."

ரேடியோ தன் போனில் மூன்றாவது வரிசைக்காரரின் முகத்தைக் காட்டினாள். மேனேஜர் உற்றுப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"இருநூறு பேர் வேணும்னு ஏஜென்டுகிட்ட சொல்லுவோம். இருநூறு தலை வந்துச்சான்னு எண்ணுவோம். முகத்தை யாரும்மா பாக்கறா?"

அவரைக் கழற்றிவிட்டு இருவரும் பின்வாசலுக்கு வந்தார்கள். அங்கே நசுங்கிய ஃப்ரிட்ஜ்களும் ஒடிந்த கட்டில்களும் தூள் தூளான டிவிகளும் ஒரு மாடி உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. குவியலுக்கு ஒரு காவல்காரர் வேறு. தன் வீட்டில் எட்டு பேருக்கு இருக்கிற ஒரே கட்டிலை ரேடியோ நினைத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை, அதுவே பெரிய விஷயம்.

"என்னண்ணா, இவனுங்க யாருக்கும் ஒண்ணும் தெரியல. திரும்பிப் போலாமா?"

"நீ காலையில என்ன சொன்னே? சோம்பேறிப் பசங்கன்னு சொன்னே."

"ஆமா. பழைய படத்தைப் போட்டு ஒப்பேத்தினா வேற என்ன சொல்றது?"

"பாலைக் கொட்டறான். கேக்கைக் கொட்டறான். போட்ட சட்டையை மறு வாரம் போட மாட்டேங்கறான். ஒன்பது மணி நேரக் கைதட்டலை அப்படியே அழிக்கறான்" என்றார் கண்ணாடிக்காரர். "எதையுமே மிச்சம் பிடிக்காத இடத்துல ஏழு நொடியை மட்டும் ஒருத்தர் முப்பது வாரமா பத்திரமா வெச்சிருக்காங்க. அது ஏன்?"

ரேடியோ நின்றுவிட்டாள்.

"அதோட அந்தச் சட்டை. படம் பழசு, ஆனா கலர் அந்தந்த வாரத்துக் கலர். பின்னாடி இருக்கறவங்க உள்பட பத்துப் பேர் சட்டைக்கு உக்காந்து கலர் மாத்தியிருக்காங்க. ஏழு நொடிக்கு எத்தனை மணி நேரம் ஆகும்? சோம்பேறி இந்த வேலையைச் செய்வானா?"

"செய்ய மாட்டான்" என்றாள் ரேடியோ மெதுவாக. "பாசம் இருக்கறவங்கதான் செய்வாங்க."

*

எடிட்டிங் அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. மூன்று திரைகளுக்கு முன்னால் ஐம்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நரைத்த முடியை ஒரு பென்சிலைச் செருகி முடிந்திருந்தாள். ஒரு ஃப்ளாஸ்க், ஒரு டம்ளர். மதியம் இரண்டு மணிக்கு அந்த அறைக்கு வெயிலும் தெரியாது, மழையும் தெரியாது.

"யாரு வேணும்?" என்றாள். அந்த அறைக்கு ஆள் வருவதே அவளுக்குப் புதிதாக இருந்தது.

"மூணாவது வரிசைக்காரர் வேணும்" என்றார் கண்ணாடிக்காரர்.

"எனக்கு அப்படி யாரையும் தெரியாதே."

"அவருக்குப் பின்னாடி ஒரு அம்மா கொட்டாவி விடறாங்க. முப்பது வாரமா, ஒரே கொட்டாவி. சட்டைக்கெல்லாம் கலர் மாத்தினீங்க. அதை விட்டுட்டீங்க."

எடிட்டரம்மா எழுந்து கத்தவில்லை, வெளியே போங்கள் என்றும் சொல்லவில்லை. திரையில் அந்த ஏழு நொடியை ஓட விட்டாள். முன்னால் குனிந்து பார்த்தாள். மறுபடியும் ஓட விட்டாள். கொட்டாவி, முழங்கை, முறைப்பு.

"இது யாரு?" என்றாள் நிஜமான ஆச்சரியத்தோடு. "இந்தம்மாவை நான் பாத்ததே இல்லையே."

"முப்பது வாரமா பாத்திருக்கீங்க."

"அந்தச் சட்டைக்கும் நான்தான் கலர் போட்டேன்." அவள் குரல் இறங்கியது. "முகத்தைப் பாக்கல சார். நான் அவரை மட்டும்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

எட்டு கேமராவில் எடுத்ததை இருபது வருஷமாக வெட்டி ஒட்டுகிறவள். ஒரு நொடியில் இருபத்தைந்து படத்தையும் தனித்தனியாகப் பார்க்கிற கண். அந்தக் கண்ணுக்கு ஒரு கொட்டாவி தப்பியது என்றால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். கண்ணாடிக்காரர் அதைக் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்கம்மா அவர்?"

"இல்ல சார்" என்றாள். "ஏழு மாசமாச்சு."

ரேடியோ சுவரில் சாய்ந்துகொண்டாள்.

எடிட்டரம்மா சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்தவில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் மாதிரி சொன்னாள். ஒருநாள் கதவைத் தட்டிக்கொண்டு வந்தாராம். 'என் பொண்ணு அங்க வேலை முடிஞ்சு வந்துதான் டிவி போடுவா. நான் வர்றதை இடைவேளைக்கு அப்புறம் போட முடியுமா?' என்று கேட்டாராம்.

"இருபது வருஷத்துல இந்த ரூமுக்கு வந்து என்கிட்ட ஒண்ணு வேணும்னு கேட்ட முதல் ஆள் அவர்தான். போட்டேன். மறு வாரம் தேங்க்ஸ் சொல்ல வந்தார். அப்புறம் வாராவாரம் வருவார். அதிகம் பேச மாட்டார். நீங்க உக்காந்திருக்கற நாற்காலியில உக்காந்து நான் வேலை செய்யறதைப் பாப்பார். அவ்வளவுதான். ஆனா ஒருத்தர் உக்காந்திருப்பார்."

ஒருத்தர் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று கண்ணாடிக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரியில சேத்தேன். தங்கச்சின்னு கையெழுத்துப் போட்டேன். பொண்ணுக்குச் சொல்லலாம்னேன். வேண்டாம்னுட்டார். அவ வேலை நிரந்தரமாக இன்னும் ரெண்டு மாசம் இருக்கு, சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவா, ரெண்டு மாசம் சமாளிச்சுடுங்கன்னு போனைக் கையில குடுத்தார். மூணாம் நாள் போயிட்டார்."

"ரெண்டு மாசம்னுதானே சொன்னார்?"

"ஆமா."

"ஏழு மாசம் ஆச்சே."

எடிட்டரம்மா டம்ளரைத் தள்ளி வைத்தாள், மறுபடியும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"ரெண்டு மாசம் முடிஞ்ச அன்னைக்குச் சொல்லிடணும்னுதான் உக்காந்தேன். அதுக்குள்ள அவ மெசேஜ் வந்துச்சு. 'ப்பா, வேலை நிரந்தரமாயிடுச்சு, முதல்ல உங்களுக்குத்தான் சொல்றேன்'னு. எனக்கு இதுவரைக்கும் யாரும் எதையும் முதல்ல சொன்னதில்ல சார். தப்புன்னு தெரியும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளிப் போட்டேன். இப்ப அவ இந்த ஊர்லயே வந்து நிக்கறா. எட்டு நாளா எனக்குத் தூக்கம் இல்ல."

"வீட்டுச் சாமானை எடுத்துட்டுப் போன சொந்தக்காரங்களும் நீங்கதானா?" என்று கேட்டாள் ரேடியோ. அவள் கேட்ட விதத்தில் கிண்டல் இல்லை.

"ஒரு சட்டையைக்கூடத் தூக்கிப் போடலம்மா. எல்லாம் என் வீட்ல இருக்கு."

அப்போது மேஜை டிராயருக்குள் ஏதோ அதிர்ந்தது. அவள் திறந்தாள். பழைய போன் ஒன்று சார்ஜரில் கிடந்தது. படித்துவிட்டுக் கண்ணாடிக்காரரிடம் நீட்டினாள்.

'ப்பா, நாளைக்குக் கிளம்பறேன். எங்கே இருக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்க. தூரத்துல நின்னு பாத்துட்டுப் போயிடறேன்.'

எடிட்டரம்மாவின் கை பழக்கத்தில் எழுத்துகளைத் தேடிப் போனது.

"எழுதாதீங்க" என்றார் கண்ணாடிக்காரர். "நான் போய்ச் சொல்லலாம், அதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டாங்க. ஆனா நான் சொன்னா அது வெறும் தகவல். நீங்க சொல்லணும். வாயால சொல்லணும்."

"என்னன்னு சொல்றது?"

ரேடியோ முன்னால் வந்து அந்தப் போனை வாங்கி, எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, மேஜை மேல் வைத்துவிட்டாள். விட்டால் இன்னொரு ஏழு மாதம் ஓடிவிடும் என்று அவளுக்குப் பட்டது.

ஒரு ரிங் முழுதாக அடிக்கவில்லை. எடுத்துவிட்டாள் அந்தப் பெண்.

ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. இந்தப் பக்கமும் மூச்சு மட்டும்தான். எடிட்டரம்மா இரண்டு முறை வாயைத் திறந்தாள். மூன்றாவது முறைதான் குரல் வந்தது.

"கண்ணு... நான் அப்பா இல்லம்மா."

"தெரியும்."



"அப்பா என்னைக் கண்ணுன்னு கூப்பிட்டதே இல்ல" என்றாள் போனில் அந்தப் பெண். "காதை மூடிக்கோன்னு எழுதினீங்களே, அன்னைக்கே தெரிஞ்சு போச்சு. இது யாரோன்னு தெரிஞ்சு போச்சு. ஞாயித்துக்கிழமை டிவியில கைதட்டுவாரா, சரி, இருக்கார்னு நெனச்சுக்குவேன். நெனச்சுக்கிட்டேன், அவ்வளவுதான்."

கண்ணாடிக்காரருக்குப் புரிந்தது. அப்பாவைத் தேடி வருகிற மகள் போட்டோவைத்தான் முதலில் நீட்டுவாள். இவள் நீட்டியது மெசேஜ் காகிதங்களை. மெசேஜ் போடறவரைப் பார்க்க வேண்டும் என்றாளே தவிர, அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இருபது வருஷத் துப்பறிதலில் இப்படி ஒரு வாடிக்கையாளரிடம் அவர் ஏமாந்ததில்லை.

"தெரிஞ்சுமா பதில் போட்டே?" என்றாள் எடிட்டரம்மா.

"நான் நிறுத்தினா நீங்களும் நிறுத்திடுவீங்களே."

ரேடியோ முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எப்ப?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"ஏழு மாசம் ஆச்சும்மா."

"கூட யார் இருந்தா?"

"நான் இருந்தேன்."

"வலிச்சுதா அவருக்கு?"

"கடைசியில இல்ல. தூக்கத்துலதான். கையைப் பிடிச்சுக்கிட்டுதான் இருந்தேன்."

அதன் பிறகு அந்தப் பெண் அழுதாள். ஏழு மாதம் தள்ளிப் போட்ட அழுகை. ஸ்பீக்கர் சின்னது, அது தாங்கவில்லை, கரகரத்தது. எடிட்டரம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் யாரையும் தேற்றவில்லை.

"சொல்லியிருக்கணும் நீங்க" என்றது கடைசியில் அந்தக் குரல். தெளிவாக, கோபமாக.

"ஆமாம்மா."

"எங்கப்பாவுக்கு நான் அழவே இல்ல. உங்களாலதான்."

"ஆமாம்மா."

"உங்களை நான் மன்னிக்க மாட்டேன்."

"வேண்டாம்மா. மன்னிக்காதே."

துண்டித்துவிட்டாளோ என்று கண்ணாடிக்காரர் எட்டிப் பார்த்தார். போன் திரையில் நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"எங்க வெச்சீங்க அவரை?"

"ஆத்தங்கரை பக்கத்துல. பஸ்ல போனா முக்கால் மணி நேரம். நான் மாசா மாசம் போறேன்."

"எனக்கு இடம் தெரியாது. நீங்க வந்து காட்டுங்க" என்றாள் அந்தப் பெண். "அங்க வெச்சு உங்களைத் திட்டணும். நல்லா திட்டணும். திட்டறதுக்கு எனக்கு வேற யார் இருக்கா?"

எடிட்டரம்மா சடாரென்று எழுந்தாள். "இதோ வர்றேன்" என்றாள். "லாட்ஜ் வாசல்லயே இரு. இதோ, இப்பவே கிளம்பிட்டேன்." மேஜைக்கு அடியில் காலால் துழாவினாள். செருப்பு எங்கே கிடக்கிறதென்று தெரியவில்லை. போனைக் கீழே வைக்கவும் மனசில்லை. ரேடியோ குனிந்து இரண்டு செருப்பையும் தேடி எடுத்து அவள் காலடியில் வைத்தாள்.